தானே வாசிக்கத் தொடங்கும் பிள்ளைக்கு எந்தப் புத்தகம்? – அனுபவப் பகிர்வு

வகுப்பாசிரியர் (1, 2ஆம் வகுப்பு):

அட்டையில் ‘6+’ என்று போட்டிருப்பதை மட்டும் பார்த்து எடுக்காதீர்கள். அது பெரும்பாலும் கதையின் விஷயத்தை வைத்துப் போட்ட எண். நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து பிள்ளையைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். தடுமாறும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விரலை மடக்குங்கள். இந்த ஐந்து விரல் வழி பலருக்கும் தெரியும். ஆனால் பக்கத்துக்கு எட்டே சொல் உள்ள படப்புத்தகத்தில் அப்படியே செய்தால் கணக்கு தப்பும். ஏறக்குறைய 50 சொல் சேரும்வரை அடுத்தடுத்த பக்கங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று இடத்தில் தடுமாறினால் புத்தகம் பொருந்துகிறது. ஐந்தைத் தொட்டால் அது நீங்கள் வாசித்துக்காட்ட வேண்டிய புத்தகம். ஒன்றுமே தடுக்காவிட்டாலும் ஒதுக்க வேண்டாம். சரளம் அதில்தான் வரும்.

இன்னொன்று. எழுத்துக் கூட்டி வாசிப்பது முதலில் வந்துவிடும், பொருள் பிடிபடுவது பின்னால்தான். “நாய் வீட்டுக்குள்ளிருந்து ஓடிவந்துகொண்டிருந்தது” என்பது மூன்றே சொல். ஓர் எழுத்தும் தப்பாமல் வாசிக்கும் பிள்ளைகூட அந்த வால் முடிவதற்குள் எது ஓடிவந்தது என்பதை மறந்துவிடும். “வீட்டுக்குள் இருந்து நாய் ஓடி வந்தது” என்றால் சிக்கலே இல்லை. வாசித்ததும் புத்தகத்தை மூடி, “என்ன ஆச்சு?” என்று கேளுங்கள். சொந்த வார்த்தையில் பதில் வந்தால் எடுக்கலாம்.

பக்க வடிவமைப்பாளர்:

அச்சையும் பாருங்கள், தயவுசெய்து. தமிழில் வரி முடிவில் சொல்லை உடைத்துப் போடும் வழக்கம் உண்டு, இணைப்புக்கோடுகூட இருக்காது. ‘மரங்கொத்’ என்று ஒரு வரி முடிந்து, ‘தி பறந்தது’ என்று அடுத்த வரி தொடங்கும். பெரியவர்கள் கண்ணில் இது படவே படாது. ஆறு வயதுப் பிள்ளை அங்கே நின்றுவிடும். இப்படி உடைத்த புத்தகத்தை முதல் வகுப்புக்கு எடுக்கவே கூடாது என்பேன்.

எழுத்துருவில் மூன்றைப் பாருங்கள்: ‘ர’வும் துணைக்காலும் வேறு வேறாகத் தெரிகின்றனவா, ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் பிரிந்து தெரிகின்றனவா, மெய்யின் புள்ளி மேல்வரியின் உகரக் கீற்றோடு முட்டாமல் இருக்கிறதா. வரிகளுக்கு நடுவே பிள்ளையின் விரல்நுனி நுழைந்தால் இடைவெளி போதும். படத்தின் மேலேயே எழுத்தை ஓட்டியிருந்தால், இலை, புல் போன்ற நெருக்கமான இடங்களில் எழுத்து மறையும்.

நூலகப் பொறுப்பாளர்:

படம் எதற்கு என்று பார்த்து எடுங்கள். தானே வாசிக்கும் புத்தகத்தில், தெரியாத சொல்லைப் படம் பிடித்துக்கொடுக்க வேண்டும். ‘ஏணி’ என்று வரும் பக்கத்திலேயே ஏணி இருக்க வேண்டும், பக்கத்தைப் புரட்டிய பிறகு அல்ல. எழுத்து ஒன்று சொல்ல, படம் வேறொன்று காட்டும் புத்தகங்கள் அருமையானவை. ஆனால் அவை பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து வாசிக்க ஏற்றவை. தனியாகக் கொடுத்தால் தான் தப்பாக வாசித்துவிட்டோம் என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும்.

படப்புத்தகம் பெரும்பாலும் 32 பக்கம்தான். பெரிய தாளில் அச்சடித்து மடிக்கும்போது 16 பக்கம் ஒரு மடிப்பாக வரும், அதைப் ‘பாரம்’ என்பார்கள். இரண்டு பாரம் ஒரு புத்தகம். நடுவில் பின் அடித்தது தட்டையாக விரியும். முதுகில் பசை போட்டது விரியாது. இரு பக்கமும் பரவிய படத்தில் முகம் மடிப்புக்குள் போய்விடும். நடுப்பக்கத்தை விரித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

2ஆம் வகுப்புப் பிள்ளையின் அம்மா:

பேச்சுவழக்கில் எழுதிய உரையாடல்? ‘வர்றேன்’, ‘வரேன்’ என்று புத்தகத்துக்குப் புத்தகம் மாறுகிறதே?

வகுப்பாசிரியர்:

எழுத்துக் கூட்டும் நிலையில் தடுக்கும்; சரளம் வந்தபின் அதுவே கதைக்கு உயிர். முதல் வகுப்பில் நீங்கள் வாசித்துக்காட்டுங்கள், இரண்டாம் வகுப்பின் பாதியில் பிள்ளை கையிலேயே கொடுக்கலாம். ஒரே புத்தகத்துக்குள் எழுத்து மாறினால்தான் யோசிக்க வேண்டும்.

நூலகப் பொறுப்பாளர்:

மூன்றாம் வகுப்பிலும் திணறி வாசிக்கும் பிள்ளைக்குச் சின்னக் குழந்தைப் புத்தகத்தை நீட்டாதீர்கள். கூட இருப்பவர்கள் முன் கூசிப்போய்விடும். பூச்சி, கிரகம், எந்திரம் பற்றிய தகவல் புத்தகங்களில் படத்துக்குக் கீழே இரண்டு வரிதான் இருக்கும். படக்கதையும் நல்லது; கட்டத்துக்கு ஒரு பேச்சுக்குமிழ் உள்ளதாக எடுங்கள், நான்கைந்து குமிழ் நெருங்கினால் எதை முதலில் வாசிப்பது என்று குழம்பும். நீங்கள் ஐந்தைத் தேர்ந்து வையுங்கள், அதில் இரண்டைப் பிள்ளையே எடுக்கட்டும்.