வம்சாவளிப் பேப்பர் இருந்தது, டெஸ்ட் இல்லை: நாய்க்குட்டி வாங்கிய, விற்ற அனுபவங்கள்

ஜிம்மி அப்பா:
பிஆர்ஏ என்பது நாயின் விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டு, முதலில் இருட்டில் கண் தெரியாமல் போய், கடைசியில் பார்வையே போய்விடும் பரம்பரை நோய். எங்கள் லேபுக்கு (லாப்ரடார்) நாலரை வயதில் ஆரம்பித்தது. அப்போது எனக்குத் தெரியாது. இருட்டிய பிறகு வாக்கிங் கூப்பிட்டால் மாடிப்படி முனையிலேயே உட்கார்ந்துகொள்வான். சோம்பேறி என்று திட்டிச் சங்கிலியைப் பிடித்து இழுப்பேன். ஒருநாள் கரண்ட் போயிருந்தது. செல்போன் டார்ச்சை அடித்தால் இரண்டு கண்ணும் பச்சைக் கண்ணாடி மாதிரி மின்னின. முன்னங்காலை நீட்டி, படி எங்கே என்று காற்றில் துழாவிக்கொண்டிருந்தான். எத்தனை நாள் இழுத்திருப்பேன்! குட்டி கொடுத்தவரைக் கேட்டால், "அப்பன் ஆத்தா ரெண்டுக்கும் கண்ணு நல்லாத்தானே இருக்கு சார்" என்றார். அது பொய்யும் இல்லை.

டைகர் வீட்டம்மா:
பொய் இல்லை, சரி. தெரிந்துகொள்ளவில்லையே! பிஆர்ஏவில் ஒரு வகையான பிஆர்சிடிக்குக் காரணமான மரபணுக் கோளாறைக் கண்டுபிடித்தது 2006-ல். கன்னத்தின் உட்பக்கம் பிரஷ்ஷால் தேய்த்து டெஸ்டுக்கு அனுப்பினால் முடிந்தது. என் டைகர் 'கேரியர்' என்று வந்தது, அதாவது கோளாறான மரபணு ஒன்று இருக்கும், நோய் வராது. அதனால் அந்தக் கோளாறே இல்லாத 'கிளியர்' பெண்ணோடுதான் சேர்த்தோம். என் கதை அவ்வளவுதான்.
இனி வாங்கப் போகிறவர்களுக்கு: தாய், தகப்பன் இரண்டின் ரிப்போர்ட்டையும் கேளுங்கள். அதிலுள்ள மைக்ரோசிப் எண்ணும் நாயின் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். பால் குடித்த கையோடு குட்டியின் வாயில் பிரஷ் விடாதீர்கள், தாயின் செல்லும் கலந்துவிடும். கேரியர் என்றதும் ஒதுக்கிவிடவும் வேண்டாம். கிளியரோடு சேர்த்தால் இந்த நோய் ஒரு குட்டிக்கும் வராது. இரண்டும் கேரியர் என்றால்தான் ஒவ்வொரு குட்டிக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. நல்ல நாயையெல்லாம் கழித்துக்கட்டினால் மிச்சமிருப்பது சொந்தத்துக்குள்ளேயே சுற்றும், அப்புறம் வேறு நோய் கிளம்பும். இடுப்பு மூட்டுக் கோளாறுக்கு இந்த டெஸ்ட் போதாது, எக்ஸ்ரேதான்.

ராஜை வெள்ளை:
லேப் வைத்திருப்பவர்களுக்குப் பிரஷ் இருக்கிறது. எங்கள் ராஜபாளையத்துக்கு? பால் வெள்ளை, ரோஸ் மூக்கு என்று தேடித் தேடி இணை சேர்த்தவன் நான். ஐந்தாவது வாரம் எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டினேன். ஆறு குட்டி ஒன்றின்மேல் ஒன்று விழுந்து ஓடி வந்தன. ஏழாவது வெயிலில் படுத்தே கிடந்தது. பக்கத்தில் போய், தலைக்கு மேலே தட்டினேன். காது மடல்கூட அசையவில்லை. வயிறு மட்டும் ஏறி இறங்கியது. அதை நானே வைத்துக்கொண்டேன். மற்ற ஆறையும் காது கேட்கும் என்று சொல்லி விற்றுவிட்டேன்.

கால்நடை மாணவன்:
அண்ணா, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வெள்ளை நாய்களில் உள்காதுக்கு நிறமிச் செல்கள் போய்ச் சேராவிட்டால் பிறந்த சில வாரங்களிலேயே காது போய்விடும். ஒரு காது மட்டும் போனாலும் குட்டி தட்டுச் சத்தத்துக்கு ஓடி வரும். அதைப் பிரித்துக் காட்டுவது பேயர் டெஸ்ட்தான். தலையில் மெல்லிய ஊசி முனைகளை வைத்து, ஒவ்வொரு காதிலும் 'டிக் டிக்' ஒலி விட்டு, நரம்பில் ஓடும் மின்சாரத்தை அளப்பார்கள். ஒரு காது கேட்காத நாயையும் இணை சேர்க்கக் கூடாது.

டைகர் வீட்டம்மா:
நான் சொன்னதும் அதேதான், தட்டை நம்பாதீர்கள்!

ராஜை வெள்ளை:
நீங்கள் தட்டைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை அம்மா. தம்பி, ஒரு காது விஷயம் எனக்குத் தெரியாது. அந்த ஆறில் இரண்டு இந்த வருஷம் குட்டி போட்டாயிற்று. இன்றைக்கு அந்த இரண்டு வீட்டுக்கும் போன் போட வேண்டும்.