இரண்டு வருட கிரீன் கார்டு முடியப் போகிறது: ஐ-751, கைரேகை, ஊர்ப் பயணம், எதை முதலில் பார்ப்பது?

கேள்வி

வணக்கம். கணவர் அமெரிக்கக் குடிமகன். திருமணத்தின் வழியாக எனக்கு வந்த கிரீன் கார்டில் சிஆர்1 (நிபந்தனையோடு இரண்டு வருடத்துக்கு மட்டும்) என்று இருக்கிறது, நவம்பர் 20 அன்று காலாவதி. இப்போது ஜூலை. போன மாதம் வீடு மாறினோம். செப்டம்பரில் அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை, ஊருக்குப் போயாக வேண்டும், அக்டோபரில் திரும்பிவிடுவேன். அந்த நிபந்தனையை நீக்கக் கேட்கும் ஐ-751 விண்ணப்பத்தை இப்போதே அனுப்பலாமா? ஊரில் இருக்கும்போது கைரேகைக்குக் கூப்பிட்டால் என்ன செய்வது? இன்னொன்று, பாஸ்போர்ட்டில் எனக்கு சர்நேம் கிடையாது, அதனால் கார்டில் முதல் பெயர் இடத்தில் எஃப்என்யூ (முதல் பெயர் தெரியவில்லை) என்று வந்திருக்கிறது. வங்கிக் கணக்கிலோ கணவர் பெயரையும் சேர்த்து இருக்கிறது. சிக்கலாகுமா?

பதில் 1

இப்போதே அனுப்பாதீர்கள். காலாவதி நாளுக்கு முந்தைய 90 நாட்களுக்குள்தான் ஐ-751 போய்ச் சேர வேண்டும். நவம்பர் 20-க்கு 90 நாள் முன்பு என்றால் ஆகஸ்ட் 22. மூன்று மாதம் என்று விரலை மடக்கி ஆகஸ்ட் 20 அன்று சேரும்படி அனுப்பினால் கட்டு அப்படியே திரும்பி வரும்.

அதற்கு முன் முகவரி வேலையை முடியுங்கள். வீடு மாறிய 10 நாளுக்குள் நீங்கள் ஏஆர்-11 என்ற முகவரி மாற்றப் படிவம் போட்டிருக்க வேண்டும். போடவில்லை என்றால் இன்றைக்கே ஆன்லைனில் போடுங்கள். உங்கள் செலவுக்குப் பொறுப்பேற்று ஐ-864 உறுதிமொழியில் கையெழுத்திட்ட கணவருக்குத் தனிக் கடமை உண்டு: 30 நாளுக்குள் ஐ-865 படிவத்தில் தன் புது முகவரியைச் சொல்ல வேண்டும். இதைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை. தபால் நிலையத்தில் முகவரி மாற்றம் கொடுத்தாயிற்று என்று இருந்துவிடாதீர்கள், யுஎஸ்சிஐஎஸ் (குடியேற்றத் துறை) கடிதங்களைப் புது முகவரிக்குத் திருப்பிவிட மாட்டார்கள், அனுப்பியவருக்கே போய்விடும். புது வீட்டுத் தபால் பெட்டியில் உங்கள் பெயரும் இருக்கட்டும்.

கட்டணம் 2024 ஏப்ரலிலிருந்து 750 டாலர். செக் வேண்டாம், ஜி-1450 படிவத்தில் கிரெடிட் கார்டு விவரம் எழுதி மேலே வையுங்கள். கார்டு நிராகரிக்கப்பட்டால் மொத்த விண்ணப்பமும் திரும்பும், எனவே வங்கியிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கூடவே தகவல் அனுப்பக் கேட்கும் ஜி-1145 படிவம் வைத்தால், வாங்கிக்கொண்டதும் குறுஞ்செய்தி வரும். படிவத்தின் எல்லாப் பக்கங்களின் அடியிலும் ஒரே பதிப்புத் தேதி இருக்க வேண்டும். இருவரும் பேனாவால் கையெழுத்திடுங்கள், பெயரைத் தட்டச்சு செய்தால் செல்லாது. ஆவணங்கள் நகல்தான், ஸ்டேப்ளர் அடிக்காதீர்கள்.

பதில் 2

பயணத்தைப் பற்றி. அக்டோபரில் திரும்பினால் உங்கள் கார்டே செல்லும், கவலை வேண்டாம். தேதி தள்ளி நவம்பர் 20-ஐத் தாண்டினால்தான், ஐ-751 வந்து சேர்ந்ததற்கான ரசீதுக் கடிதம் தேவை. அந்த ஐ-797 கடிதம் காலாவதியான கார்டை 48 மாதம் நீட்டிக்கிறது, ஆனால் இரண்டும் சேர்ந்தால்தான் மதிப்பு. எனவே பழைய கார்டைத் தூக்கி எறியாதீர்கள், கடிதத்தின் அசலைக் கையோடு எடுத்துப் போங்கள். விமான நிலையத்தில் செக்-இன் ஊழியர் கார்டின் தேதியைப் பார்த்துத் தயங்கினால், கடிதத்தில் 48 மாதம் என்று இருக்கும் வரியைக் காட்டுங்கள். கடிதம் தொலைந்துபோனால், அமெரிக்காவில் இருக்கும்போதே யுஎஸ்சிஐஎஸ் தொடர்பு மையத்தை அழைத்து பாஸ்போர்ட்டில் ஐ-551 முத்திரை (நிரந்தர வசிப்புக்குத் தற்காலிகச் சான்று) கேட்கலாம்.

கைரேகை பெரிய பிரச்சினை இல்லை. பல சமயம் பழைய கைரேகையையே பயன்படுத்திக்கொள்வதாகக் கடிதம் வரும், நேரில் போக வேண்டியிருக்காது. வரச் சொல்லியிருந்தால் ஆன்லைன் கணக்கில் புதுத் தேதி கேட்கலாம், குறித்த நேரத்துக்கு 12 மணி நேரத்துக்கு முன்பாவது கேட்க வேண்டும். கணவர் தினமும் தபாலைப் பார்க்கட்டும். ஒன்றும் சொல்லாமல் போகாமல் இருந்தால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். அதுதான் ஆபத்து.

பதில் 3

எஃப்என்யூ நம் ஊர்க்காரர்களுக்குச் சகஜம். படிவத்தில் கார்டில் உள்ளபடியே பெயரை எழுதுங்கள். வங்கியிலும் ஓட்டுநர் உரிமத்திலும் எப்படி இருக்கிறதோ, அத்தனை வடிவங்களையும் 'பயன்படுத்திய பிற பெயர்கள்' பகுதியில் எழுதிவிடுங்கள். மறைத்தால்தான் கேள்வி எழும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. வாடகை ஒப்பந்தம் கணவர் பெயரில் மட்டும் இருக்கிறது. கூட்டுக் கணக்கும் சமீபத்தில் தொடங்கியதுதான். சான்று போதுமா?

பதில் 1

அதுதான் உண்மையில் கவனிக்க வேண்டிய இடம். கல்யாண ஆல்பத்தை அதிகாரி பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார். இரண்டு வருடமும் ஒரே குடும்பமாக வாழ்ந்ததற்குத் தொடர்ச்சியான தாள் வேண்டும். இப்போதே செய்யக்கூடியவை: வீட்டுக்காரரிடம் சொல்லி ஒப்பந்தத்தில் உங்கள் பெயரைச் சேர்ப்பது, கூட்டாகத் தாக்கல் செய்த வருமான வரிக்கு ஐஆர்எஸ் (வரித் துறை) தளத்தில் டிரான்ஸ்கிரிப்ட் (தாக்கல் விவரப் பிரதி) இலவசமாக எடுப்பது. கணவரின் மருத்துவக் காப்பீட்டில் நீங்கள் எந்தத் தேதியிலிருந்து இருக்கிறீர்கள் என்ற கடிதமும், அவருடைய ஓய்வூதியக் கணக்கில் வாரிசாக உங்கள் பெயர் உள்ள பக்கமும் நல்ல சான்று. பழைய முகவரிக்கு உங்கள் பெயரில் வந்த பில்களையும் அவர் பெயரில் வந்தவற்றையும் மாதவாரியாக ஜோடி சேர்த்து வையுங்கள். கூட்டுக் கணக்கு புதியது என்றால், அதில் சம்பளம் வரவாகி வாடகை போகிற வரிகள் தெரிகிற அறிக்கைகள் வேண்டும். நூறு டாலர் போட்டு அப்படியே கிடக்கும் கணக்கால் பயன் குறைவு.

இருவரையும் நன்கு அறிந்த இரண்டு பேரிடம் வாக்குமூலக் கடிதம் வாங்கலாம். அவர்கள் பெயர், முகவரி, பிறந்த தேதி, பிறந்த ஊர், எப்படித் தெரியும் என்ற விவரம் இருக்கட்டும். ஆனால் அது துணைச் சான்றுதான், அதை மட்டும் நம்ப முடியாது. தமிழில் உள்ள எந்தச் சான்றிதழுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பும், இரு மொழியும் தெரியும் என்று மொழிபெயர்த்தவர் கையெழுத்திட்ட உறுதிமொழியும் வேண்டும். நோட்டரி தேவையில்லை.

போதவில்லை என்று அவர்கள் கூடுதல் சான்று கேட்டால் ஒரே தடவைதான் பதில். பாதியை இப்போது, மீதியைப் பிறகு என்று அனுப்பாதீர்கள்.

பதில் 2

ஒன்று விட்டுப்போனது. கிரீன் கார்டு வந்து மூன்று வருடம் ஆகும்போது, அத்தனை நாளும் குடிமகனான கணவரோடு சேர்ந்து வாழ்ந்திருந்தால், குடியுரிமைக்கான என்-400 போடலாம். ஐ-751 முடிவு வராமல் நிலுவையில் இருந்தாலும் தடையில்லை. இரண்டையும் ஒரே நேர்காணலில் பார்க்க வாய்ப்புண்டு, அன்றைக்குக் கணவரையும் அழைத்துப் போங்கள். அதுவரை எந்தப் பயணமும் ஆறு மாதத்தைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாண்டினால் தொடர் வசிப்பு அறுந்ததாகக் கருதி, அறவில்லை என்று நிரூபிக்கும் வேலை உங்கள் தலையில் விழும்.