20 மில்லிஆம்ப் லிமிட் வைத்தும் எல்இடி போய்விடுகிறது: தப்பு புரோகிராமிலா, சர்க்யூட்டிலா?

கேள்வி:
12 வோல்ட், 1 ஆம்ப் பெஞ்ச் சப்ளை (மேசை பவர் சப்ளை) கட்டியிருக்கிறேன். எல்எம்358-இல் (ஒரே ஐசியில் இரண்டு ஆப்-ஆம்ப் பெருக்கிகள்) ஒரு பாதி வோல்டேஜுக்கு. பிறகு பிடி139 (BD139), 2என்3055 டிரான்சிஸ்டர்கள். மறு பாதி, நெகடிவ் பக்கத்து 0.1 ஓம் ஷன்ட்டின் (கரன்டை அளக்கும் ரெசிஸ்டர்) வோல்டேஜை 20 மடங்கு பெருக்கி ஆர்டுயினோ நானோவுக்கு (சிறு மைக்ரோகன்ட்ரோலர் போர்டு) தருகிறது. 16 ரீடிங் சராசரி எடுத்து, லிமிட்டை மீறினால், வோல்டேஜைத் தீர்மானிக்கும் பிடபிள்யூஎம்மை (ஆன்-ஆஃப் பல்ஸ்) குறைக்கிறேன் (ஃபில்டர் 10கே, 10 மைக்ரோஃபாரட்). அவுட்புட்டில் 470 மைக்ரோஃபாரட் கெபாசிடர். 12 வோல்ட்டில் வெள்ளை எல்இடியை அவுட்புட்டில் தொடவைத்ததும் ஒரு பளிச், அவ்வளவுதான். புரோகிராமை வேகப்படுத்தினால் சரியாகுமா?

பதில்:
ஆகாது சார். ஒரு ரீடிங்குக்கு சுமார் 112 மைக்ரோசெகண்ட்; 16-க்கு 1.8 மில்லிசெகண்ட். அதை விடுங்கள், உங்கள் ஃபில்டரே 100 மில்லிசெகண்ட். புரோகிராம் பார்த்துவிட்டாலும் வோல்டேஜ் உடனே இறங்காது.

கரன்ட் லிமிட்டை ஆப்-ஆம்ப்பிடம் கொடுங்கள். ஷன்ட்டை 1 ஓம், 5 வாட் ஆக்கினால் பெருக்கியே வேண்டாம், அந்தப் பாதி கிடைத்துவிடும். 0.1 ஓமில் 20 மில்லிஆம்ப் என்பது வெறும் 2 மில்லிவோல்ட்; எல்எம்358-இன் ஆஃப்செட்டே (இன்புட் பிழை) 7 மில்லிவோல்ட் வரை போகும்.

அந்தப் பாதியின் பிளஸ் இன்புட்டில் செட்பாயின்ட் (லிமிட்டைக் குறிக்கும் வோல்டேஜ்): இன்னொரு பிடபிள்யூஎம், ஃபில்டர், 39கே–10கே டிவைடர். மைனஸில் 10கே வழியாக ஷன்ட். ஆப்-ஆம்ப் அவுட்புட்டில் 1என்4148 டையோடின் கேதோடு. ஆனோடு பிடி139 பேஸில். வோல்டேஜ் ஆப்-ஆம்ப்புக்கும் பேஸுக்கும் நடுவே 2.2கே. நானோ இனி செட்பாயின்ட் தரட்டும், உள் 1.1 வோல்ட் ரெஃபரன்ஸில் கரன்டைக் காட்டட்டும்.

கேட்டவர்:
ஆசிலேட் ஆகாமல் (தானாக ஆடாமல்) இருக்க ஆப்-ஆம்ப் அவுட்புட்டிலிருந்து மைனஸுக்கு 100 நானோஃபாரட் கெபாசிடர் போட்டேன். எல்இடி இன்னும் போகிறது. ஷார்ட் செய்தால் லிமிட்டுக்கு மேல் ஓடுகிறது.

இன்னொருவர்:
அந்த 100 நானோஃபாரட்தான் வினை. லிமிட் வராதபோது ஆப்-ஆம்ப் மேல் ரெயிலில் (பாசிடிவ் சப்ளை வோல்டேஜில்) ஒட்டி நிற்கும். அங்கிருந்து 15 வோல்ட் இறங்க 15 மில்லிசெகண்ட் பிடிக்கும். அனலாக் போட்டும் புரோகிராமின் வேகம்தான்! 1 நானோஃபாரட் போடுங்கள். ஆசிலேட் ஆனால் 2.2.

ஷார்ட்டில் பேஸ் 1.3 வோல்ட்டுக்குக் கீழே போக வேண்டும். மில்லிஆம்ப் கணக்கில் இழுக்கும்போது எல்எம்358 சுமார் 0.7-க்குக் கீழே வராது, மேலே டையோடு வேறு. அதன் நெகடிவ் சப்ளை காலுக்கு −5 வோல்ட் கொடுங்கள் (மொத்த சப்ளை 32 வோல்ட்டைத் தாண்டாமல்).

470 மைக்ரோவை மறந்துவிட்டோம். ஷன்ட்டுக்கு அந்தப் பக்கம், டெர்மினலிலேயே இருப்பதால் அதில் சேர்ந்த 34 மில்லிஜூல் எனர்ஜியை எந்த லிமிட்டும் பார்க்காது. 10 மைக்ரோ ஆக்குங்கள். அப்போதும் எல்இடியை மாட்டிவிட்டு, பூஜ்யத்திலிருந்து வோல்டேஜை ஏற்றுவதே நல்லது.