புது ப்ராஜெக்ட் ஆரம்பிக்கலாமா வேண்டாமா: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

மலைக்கோட்டை:
சித்தப்பா திருச்சியில் பதினைந்து வருடம் டிடிபி சென்டர் வைத்திருந்தார். கடையை மூடும்போது ஒரு பை நிறைய சிடியைக் கொடுத்து, "இதுல இருக்கிற கோயில் மலரெல்லாம் திறந்தா இங்கிலீஷ் எழுத்தா தெரியுது, நீ கம்ப்யூட்டர் படிச்சவன்தானே, பாருப்பா" என்றார். எல்லாம் பாமினியில் தட்டியவை, அதாவது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்த பழைய எழுத்துரு. எனக்குக் கை துறுதுறுத்தது. இன்றைய பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்ற பைத்தான் நிரல்மொழியில் நானே ஒரு கன்வெர்ட்டர் எழுதிவிடலாம், எழுத்துக்கு எழுத்து மாற்றுவதுதானே, ஒரு சனி ஞாயிறு போதும் என்று உட்கார்ந்தேன்.

மூன்று வாரம் ஓடிவிட்டது. பாமினியில் ஒற்றைக் கொம்பை எழுத்துக்கு முன்னால் தட்டுவார்கள், யூனிகோடில் அது எழுத்துக்குப் பின்னால் போய் உட்காரும், அதனால் 'கொ' வந்தால் கொம்பு, க, கால் மூன்றையும் பிடித்து வரிசை மாற்ற வேண்டும். அதுகூடப் பரவாயில்லை. ஔகாரத்தின் கடைசித் துண்டுக்கும் 'ள'வுக்கும் ஒரே விசை. 'கௌரி' ஒழுங்காக வரட்டும் என்று ஒரு விதி போட்டால் 'வெளியீடு' போய் 'வௌியீடு' ஆகிவிடுகிறது. (செய்தித் தளங்களில் இந்த 'வௌி'யைப் பார்த்து, யாரோ தட்டச்சுத் தெரியாதவர் என்று சிரித்திருக்கிறேன். என்னைப் போல ஒருவர் எழுதிய நிரலின் வேலையாகத்தான் இருக்கும்.)

அப்புறம்தான் தேடினேன். இதே வேலையைச் செய்யும் என்எச்எம் கன்வெர்ட்டர் என்ற மென்பொருள் இலவசமாகவே இருந்தது. சரி, போகட்டும். ஒருவழியாக மாற்றிக்கொண்டு போய் நின்றால், சித்தப்பாவுக்கு வேண்டியது தாத்தா எழுதிய ஒரு முன்னுரை மட்டும்தானாம். ஆறு பக்கம். கையால் தட்டியிருந்தால் ஒரு சாயங்கால வேலை. முதல் நாளே கேட்டிருக்கலாம், கேட்கத் தோன்றவில்லை.

பால்கணக்கு:
எனக்கு இதற்கு நேர் எதிராக நடந்தது. அம்மா நாற்பது வீட்டுக்குப் பால் ஊற்றுகிறார். ஆப் எத்தனையோ இருக்கும்போது நீ வேறு எழுதணுமா என்று எல்லாரும் கேட்டார்கள், நானும் விட்டுவிட்டு இரண்டு மாதம் கணக்கை வெறும் எக்செல்லில் போட்டேன். அதில்தான் ஒன்று பிடிபட்டது: ஊற்றிய பால் கணக்கில் தகராறே இல்லை, "நாளைக்கு வேண்டாம்க்கா" என்று ராத்திரி பத்து மணிக்கு வரும் வாட்ஸ்அப்பில்தான் அத்தனை சண்டையும். நான் போட்டுப் பார்த்த இரண்டு ஆப்களில் அதற்கு இடமே இல்லை. அந்த 'வேண்டாம்' பட்டியலுக்கு மட்டும் இருநூறு வரி எழுதினேன், இன்றும் ஓடுகிறது.

நிரலில் யார் எப்போது எதை மாற்றினார் என்று கணக்கு வைக்கும் கிட் (Git) மென்பொருள் பிறந்ததும் ஏறக்குறைய இப்படித்தான். அதே வேலைக்கு வைத்திருந்த பிட்கீப்பரை லினக்ஸ்காரர்கள் இலவசமாகப் பயன்படுத்த முடியாமல் போனதும், லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் மோனோடோன் போன்ற மாற்று மென்பொருள்களைப் பார்த்தார், அவருக்கு வேகம் போதவில்லை. 2005 ஏப்ரல் 3 எழுதத் தொடங்கினார், 7ஆம் தேதி கிட்டின் நிரலையே கிட்டில் வைத்துவிட்டார். நாலு நாள் என்று வாயைப் பிளக்கிறோம், அதற்கு முன் வருடக்கணக்காக மற்றவர்கள் அனுப்பும் நிரல் திருத்தங்களை (பேட்ச்) வாங்கி லினக்ஸில் சேர்த்துக் கை காய்த்தவர் அவர். தனக்கு என்ன வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

மலைக்கோட்டை:
அந்த எக்செல் யோசனை எனக்கு அன்றைக்கே வந்திருக்கலாம். சித்தப்பா நேற்று இன்னொரு பையோடு வந்தார், இந்தத் தடவை பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளின் ஃபைல். லேப்டாப்பையே திறக்கவில்லை. "எத்தனை பக்கம் வேணும் சித்தப்பா?" என்று கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்று டீயைக் குடித்துவிட்டுப் போயிருக்கிறார்.