புதுப்பிப்பு: பழைய ஆப்டிபிளெக்ஸுக்கு கார்டு வாங்கியாச்சு

நாலாம் தலைமுறை ஐ5 ப்ராசஸர், 290 வாட் பவர் சப்ளை, கிராபிக்ஸ் கார்டுக்குத் தனியாக மின்சாரம் கொடுக்கும் 6 பின் கேபிள் கிடையாது. இந்தப் பழைய டெல் பெட்டிக்குக் குறைந்த செலவில் எந்த கிராபிக்ஸ் கார்டு போடலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பலர் ஆர்எக்ஸ் 6400 என்றீர்கள். கடைசியில் செகண்ட் ஹேண்டில் ஜிடிஎக்ஸ் 1650 வாங்கிப் போட்டுவிட்டேன்.

6400 இழுப்பது 53 வாட்தான், நல்ல விஷயம். ஆனால் அது மதர்போர்டோடு பேசுவது வெறும் 4 லேன் (டேட்டா போகும் பாதை) வழியாக. பிசிஐஇ (கார்டு செருகும் ஸ்லாட்டின் தரம்) 4.0 போர்டில் அது சமாளிக்கும், நம்முடையது 3.0, இணைப்பு வேகம் பாதியாகிவிடும். கார்டில் இருக்கும் 4 ஜிபி மெமரி நிரம்பியதும் கேம் திக்கித் திணறும். போதாக்குறைக்கு, வீடியோவைச் சுருக்கிப் பதிவு செய்யும் என்கோடரும் அதில் இல்லை. ஸ்க்ரீன் ரெக்கார்டிங் செய்கிற எனக்கு அது கண்டிப்பாக வேண்டும். 1650-க்கு 16 லேன். தேவையான 75 வாட்டையும் ஸ்லாட்டிலிருந்தே எடுத்துக்கொள்கிறது.

வாங்குபவர்கள் கவனிக்க: 1650-லேயே 6 பின் கேட்கும் மாடல்கள் உண்டு. கார்டின் மேல் விளிம்பில் அந்த 6 பின் சாக்கெட் இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

1080பி-யில் இப்போது நிம்மதியாக விளையாட முடிகிறது. ஃபேன் சத்தமும் பெரிதாக இல்லை. அடுத்தது ராம்: ஒரே ஒரு 8 ஜிபி டிடிஆர்3 ஸ்டிக்தான் இருக்கிறது, இன்னொன்று போட்டு டூயல் சேனல் (இரண்டு ஸ்டிக்கும் சேர்ந்து வேலை செய்யும் முறை) ஆக்க வேண்டும். யாரிடமாவது சும்மா கிடந்தால் சொல்லுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.