எக்சோரா மஞ்சளாகிறது, யாராவது வழி சொல்லுங்கள்

வணக்கம் உறவுகளே. கிளிநொச்சியில், இரணைமடுவுக்குக் கிட்ட எங்கள் வளவு. படலையிலிருந்து விறாந்தை வரைக்கும் இரண்டு பக்கமும் நிறநிறமாகப் பூமரங்கள் நிற்க வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை. ஒவ்வொரு வருசமும் விதை போடுகிறவை வேண்டாம், ஒருக்கா நட்டால் பல வருசம் நிற்கிறவைதான் வேண்டும்.

செவ்வரத்தையும் நித்தியகல்யாணியும் நன்றாக நிற்கின்றன. நித்தியகல்யாணியை ஆடு மாடு தொடுவதே இல்லை, சோளகக் காற்றுக்கும் அசையவில்லை. காகிதப்பூவுக்குத் தினமும் தண்ணீர் விட்டபோது வெறும் இலைதான் வந்தது. தண்ணீரைக் குறைத்த பிறகு கொத்துக் கொத்தாக ஊதா நிறம், பார்க்கவே மனம் நிறைந்துபோனது.

என் கவலை எக்சோரா. ஆறு கன்று வைத்தேன். நான்கில் இளம் இலைகள் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிகிறது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் கேத்திலில் வெள்ளையாகப் படிகிற சுண்ணாம்புத் தண்ணீர். அதனால் மண்ணில் இருக்கிற இரும்புச் சத்தை வேரால் எடுக்க முடியவில்லை என்று நினைக்கிறேன். மாட்டெரு போட்டும் தெளியவில்லை. இப்படியான தண்ணீரோடு எக்சோராவைக் காப்பாற்றியவர்கள் இருக்கிறீர்களா? இரும்புச் சத்தை இலையில் தெளித்தீர்களா, மழைத் தண்ணீர் சேர்த்து விட்டீர்களா?

பிறகு இன்னொன்று. காணியின் பள்ளப் பக்கத்தில் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு இரண்டு மூன்று நாள் வெள்ளம் நிற்கும். அதையும் கோடையையும் தாங்குகிற மஞ்சள், செம்மஞ்சள் பூ எது? கல்வாழை சரிவருமா? மாரி தொடங்க முன் நட வேண்டும். கிட்ட இருப்பவர்களுக்கு அடுக்குச் செவ்வரத்தைத் தடி வெட்டித் தருவேன்.