அப்பாவுக்குப் பறவை காட்ட வேண்டும், நார்ஃபோக்கில் எங்கே போவது? அவசரம்

வேதாரண்யத்து மகள்
எல்லோருக்கும் வணக்கம். ஆஸ்பத்திரி வேலைக்காக இங்கே இங்கிலாந்துக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. அம்மா போன பிறகு அப்பா ஊரில் தனியாக இருந்தார் என்று விசிட்டர் விசாவில் வரவழைத்தேன். வந்து ஐந்து வாரம். முதல் வாரம் நன்றாகத்தான் இருந்தார். இப்போது பேச்சே இல்லை. நான் நைட் டூட்டி முடிந்து வந்து தூங்குகிறேன், அவர் ஜன்னலோரம் உட்கார்ந்தே இருக்கிறார். நேற்று எழுந்து பார்த்தால் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்திருக்கிறார். டிக்கெட்டை முன்தேதிக்கு மாற்றித் தா என்கிறார்.

அவருக்குப் பறவை என்றால் உயிர். கோடியக்கரையில் பறவைகளின் காலில் அடையாள வளையம் போடும் முகாம்களில் வருடக்கணக்காகக் கூட இருந்து உதவியவர். இந்த நார்ஃபோக் மாவட்டம் பறவைக்குப் பேர்போன இடம் என்று வார்டில் சொன்னார்கள். எங்கே கூட்டிப் போகட்டும்? சீக்கிரம் சொல்லுங்கள்.

லெஸ்டர்வாசி
தங்கச்சி, முதலில் அந்தப் பெட்டியைப் பார்த்துப் பயப்படாதே. 2009-இல் என் அம்மாவும் இதையேதான் செய்தார். நான் வேலைக்குப் போனதும் ஹீட்டரை அணைத்துவிட்டு, கோட்டும் கம்பளியுமாகக் கட்டிலில் உட்கார்ந்திருப்பார். மகனுக்குப் பில் கூடிவிடுமாம். இது எனக்குத் தெரியவே மூன்று வாரம் ஆனது. ஒரு நாள் பாதியில் வீட்டுக்கு வந்தபோதுதான் பார்த்தேன், கை பச்சைத் தண்ணீராக இருந்தது. உன் வீட்டிலும் பகலில் ஹீட்டர் ஓடுகிறதா என்று இன்றைக்கே பார்.

அப்புறம் தமிழ் பேச ஆள் வேண்டும். வார இறுதியில் லெஸ்டர் பக்கம் வாருங்கள், கோயில் இருக்கிறது, அப்பா வயதில் நாலு பேர் இருக்கிறார்கள். பக்கத்தில் ரட்லண்ட் வாட்டர் ஏரியும் உண்டு. விராலடிப்பான் என்கிற மீன்பிடிப் பருந்து கூடு கட்டுகிற இடம்.

நாரிச் அக்கா
விராலடிப்பான் எல்லாம் செப்டம்பரிலேயே ஆப்பிரிக்காவுக்குக் கிளம்பியிருக்கும். இப்போது போனால் கூட்டைத்தான் பார்க்கலாம். அதற்காக அவரை லெஸ்டர் வரை அலைக்கழிக்க வேண்டாம்.

நாரிச்சிலிருந்து ரயிலில் பிரண்டால் போங்கள். அங்கிருந்து ஸ்ட்ரம்ப்ஷா ஃபென் நடக்கிற தூரம்தான். நாணல் காடும் தண்ணீரும்தான், ஆனால் பூனைப்பருந்து தாழப் பறப்பதை உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். எனக்கு அதைவிடப் பிடித்தது ஹிக்லிங் பிராட் ஏரி. குளிர்காலத்தில் சாயங்காலம் அங்கே ஸ்டப் மில் பக்கம் போய் நின்றால் பூனைப்பருந்துகள் ஒவ்வொன்றாக வந்து அடையும். நேரம் நன்றாக இருந்தால் கிரேன் என்கிற பெருங்கொக்கும் வரும். இங்கிலாந்தில் நூற்றாண்டுகளாக இல்லாமல் போயிருந்த பறவை, 1979-இல் தானாகவே நார்ஃபோக்குக்குத் திரும்பி வந்தது. நான் முதல் தடவை அதன் குரலைக் கேட்டபோது அழுதுவிட்டேன்.

மன்னார் பெடியன்
அக்கா சொல்வது நாரிச்சில் இருப்பவர்களுக்குச் சரி. ஹிக்லிங்குக்குக் கார் இல்லாமல் போய்ப் பார்க்கட்டும். நார்ஃபோக்கில் கார் இல்லாவிட்டால் ஒன்றும் சரிவராது. நான் விஸ்பெக்கில் பாக்ஹவுஸ் (காய்கறி பொதி கட்டுகிற இடம்) வேலைக்கு வந்த முதல் ஆறு மாதமும் சைக்கிள்தான். விடிய நாலு மணிக்கு, எதிர்க்காற்றில். அதை நினைத்தால் இப்பவும் முழங்கால் நோகும்.

பறவை தெரிந்த மனுசனுக்கு ஒரே இடம்தான், ஸ்நெட்டிஷம். வாஷ் விரிகுடாவில் தண்ணீர் ஏறும்போது சேற்றுத் திட்டெல்லாம் மூழ்கும். அதில் மேய்ந்த பறவை அத்தனையும் நிற்க இடமில்லாமல் ஒரே நேரத்தில் எழும்பும். நாட் என்று ஒரு சின்ன உள்ளான், ஆர்க்டிக்கிலிருந்து வருவது. பல்லாயிரம் சேர்ந்து திரும்பும்போது கறுப்பு, அடுத்த திருப்பத்தில் வெள்ளி. மன்னாரில் வளர்ந்த எனக்கே தொண்டை அடைத்தது.

விடியற்காலையில் போனால் ஐஸ்லாந்திலிருந்து வருகிற பிங்க் கால் வாத்துகளும் தலைக்கு மேல் போகும். வெட்டிய பீட்ரூட் வயல்களுக்கு மேயப் போகிற கூட்டம். சீனி எடுக்கிற வெள்ளை பீட்ரூட், கறிக்கு வைப்பது அல்ல.

இரவுப்பணி
பறவை இருக்கட்டும். எட்டு மாதமாக நைட் டூட்டியா? எனக்கும் அப்படித்தான் போட்டார்கள். கேட்டால் விசா ஸ்பான்சர்ஷிப் என்று ஒரு வார்த்தை, அதோடு வாயை மூடிக்கொள்ள வேண்டும். வீட்டுச் சுவரில் கரும்பூசணம். ஓனரிடம் சொன்னால் ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்கிறார், ஜனவரியில். குழந்தைக்கு இருமல் மாறவே இல்லை. டிரைவிங் டெஸ்டுக்குத் தேதி கிடைக்காமல் ஐந்து மாதம் போயிற்று.

லெஸ்டர்வாசி
எங்கள் காலத்தில் வீட்டுக்குப் பேசவே போன் கார்டு வாங்க வேண்டும். பூசணத்தைப் போட்டோ எடுத்துத் தேதியோடு ஓனருக்கு எழுத்தில் அனுப்பு, பேச்சில் விடாதே.

நாரிச் அக்கா
இருட்டைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதே இல்லை. டிசம்பரில் 3:40-க்கெல்லாம் சூரியன் போய்விடுகிறது. முதல் வருடம் பகலைப் பார்க்காமலே ஒரு வாரம் ஓடியது எனக்கு.

மன்னார் பெடியன்
இருட்டைவிட ஞாயிற்றுக்கிழமை பஸ்தான். காத்து நின்று காத்து நின்று வீட்டுக்கே திரும்பியிருக்கிறேன்.

தெட்ஃபர்ட் வாத்தியார்
எல்லோர் கஷ்டமும் நிஜம். ஆனால் அந்தப் பிள்ளை கேட்டது வேறு. நாரிச்சிலிருந்து ஸ்நெட்டிஷம் பக்கத்து ஹன்ஸ்டன்டன் போவதற்கே அரை நாள் ஆகிவிடும். அவர் எந்த ஊர் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.

தங்கையே, நாலு விஷயம் சொல்லுங்கள். எந்த ஊர்? கார் உண்டா? அப்பாவால் எவ்வளவு தூரம் நடக்க முடியும்? எந்தக் கிழமை லீவு?

வேதாரண்யத்து மகள்
மன்னிக்கவும் ஐயா, பதற்றத்தில் எழுதாமல் விட்டேன். கிங்ஸ் லின். கார் இல்லை, ஊரில் எடுத்த லைசென்ஸ் மட்டும் இருக்கிறது. அப்பாவுக்கு வலது முழங்கால் தேய்மானம், கால் மணி நேரம் நடந்தால் உட்கார வேண்டும். செவ்வாய், புதன் லீவு. டிக்கெட் மாதக் கடைசியில். பைனாகுலரை ஊரிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டார்.

லெஸ்டர் அண்ணா, ஹீட்டர் அணைந்துதான் இருந்தது. நல்ல வேளை சொன்னீர்கள்.

தெட்ஃபர்ட் வாத்தியார்
கிங்ஸ் லின் என்றால் டிச்வெல். லின் பஸ் நிலையத்தில் 36-ஆம் நம்பர், ஹன்ஸ்டன்டன் வழியாக வெல்ஸ் பக்கம் போவது. இடது பக்க ஜன்னலில் உட்கார வையுங்கள், கடல் அந்தப் பக்கம்தான். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆர்எஸ்பிபி என்பது பறவைப் பாதுகாப்புச் சங்கம், டிரைவரிடம் ஆர்எஸ்பிபி டிச்வெல் என்றால் போதும், இறங்கிக் கொஞ்சம் உள்ளே நடந்தால் சரணாலயம். திரும்பும் பஸ் நேரத்தை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

அங்கே பாதை முழுக்கச் சமதளம். பாதையோரம் ஐலண்ட் ஹைட், அதைத் தாண்டி பாரிண்டர் ஹைட். ஹைட் என்பது பறவைக்குத் தெரியாமல் பார்க்கிற மறைவுக் கொட்டகை, பெஞ்சு இருக்கும். முதல் ஹைட்டிலேயே இரண்டு மணி நேரம் உட்காரலாம். கடற்கரை வரை போயே தீர வேண்டும் என்பதில்லை.

அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்: கோடியக்கரையில் அவர் பார்த்த ஊசிவால் வாத்து, கருவால் மூக்கன், பட்டைவால் மூக்கன் மூன்றும் அங்கே நிற்கும். இனம் அதேதான், கூட்டம்தான் வேறு. கோணமூக்கு உள்ளானும் உண்டு, ஆர்எஸ்பிபியின் சின்னமே அதுதான். வேடந்தாங்கல் கரண்டிவாயன் 2010-இல் இதே கடற்கரையில் ஹோல்கமில் வந்து குஞ்சு பொரித்தது. 300 வருடத்துக்கு மேல் இங்கிலாந்தில் அதற்கு ஒரு காலனிகூட இல்லை. இப்போது குளிருக்குப் பெரும்பாலும் தெற்கே போயிருக்கும். அடுத்த முறை அவரை மே மாதம் வரச் சொல்லுங்கள்.

பைனாகுலர் நான் தருகிறேன், 8x42. என்னிடம் சும்மா கிடக்கிறது, தனிச்செய்தியில் முகவரி அனுப்புங்கள். இன்னொன்று, இங்கிலாந்தில் வளையம் போடும் திட்டத்தை நடத்துகிற பிடிஓவின் தலைமை அலுவலகம் எங்கள் தெட்ஃபர்டில்தான் இருக்கிறது. வளையம் போட்ட கை என்றால் அதைக் கேட்டதும் பேசுவார்.

மன்னார் பெடியன்
டிச்வெல் நல்லதுதான், ஒத்துக்கொள்கிறேன். கார் இல்லாவிட்டால் சரிவராது என்றது என் அவசரம்.

ஸ்நெட்டிஷத்தில் ஹைட்டுக்கு நடை கூட, இந்த முழங்காலுக்கு யோசிக்க வேண்டும். அதற்குப் பதில் வெல்னி. டபிள்யூடபிள்யூடி என்கிற ஈரநிலப் பறவை அமைப்பின் இடம், பெரிய கண்ணாடி வைத்த கூடம், ஹீட்டர் போட்டது. ஐஸ்லாந்தின் ஹூப்பர் அன்னங்கள் குளிருக்கு வந்து ஜன்னலுக்கு முன்னாலேயே நீந்தும். நுழைவுக் கட்டணம் உண்டு. பஸ்ஸை நம்ப முடியாது. புதன்கிழமை எனக்கும் லீவு அக்கா, நான் லின் வந்து ஏற்றுகிறேன்.

லைசென்ஸ் விஷயம்: குடிவந்த நாளிலிருந்து 12 மாதம் இந்திய லைசென்சில் ஓட்டலாம். உங்களுக்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது, அதற்குள் இங்கத்தைய லைசென்சுக்கான தியரி பரீட்சை எழுதிவிடுங்கள்.

வேதாரண்யத்து மகள்
எல்லாவற்றையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். டிச்வெல் வரை சும்மா கேட்டுக்கொண்டிருந்தார். ஸ்நெட்டிஷம் பற்றி வாசித்ததும், "பௌர்ணமியா அமாவாசையா, எதில் போகிறார்களாம்?" என்றார். ஐந்து நாளில் அவர் கேட்ட முதல் கேள்வி.

மன்னார் பெடியன்
சரியான கேள்வி கேட்டிருக்கிறார். இரண்டிலும் தண்ணீர் வழக்கத்தைவிட உயர ஏறும். ஆனால் பௌர்ணமி நிலவில் வாத்துகள் இரவிலும் வயலிலேயே மேயும், விடியற்காலைக் கூட்டம் குழம்பிவிடும். அதனால் அமாவாசை கழிந்து ஒன்றிரண்டு நாள்தான் நல்லது. எல்லா அமாவாசைக்கும் சேற்றுத் திட்டெல்லாம் மூழ்குகிற மட்டத்தைத் தண்ணீர் எட்டாது, ஆர்எஸ்பிபி போடுகிற தேதிகளைப் பார்த்துத்தான் போக வேண்டும்.

வேதாரண்யத்து மகள்
அதையேதான் அவரும் சொன்னார், அமாவாசை கழிந்து இரண்டாம் நாள் என்று. கொஞ்சம் கொஞ்சமாக உட்கார்ந்து உட்கார்ந்து நடப்பாராம். பெட்டியைத் திறந்து ஸ்வெட்டரை எடுத்திருக்கிறார்.

செவ்வாய் டிச்வெல், புதன் வெல்னி. வாத்தியார் ஐயா, முகவரி அனுப்பியிருக்கிறேன். தம்பி, புதன் காலை எட்டரைக்கு லின் பஸ் நிலைய வாசலில் நிற்கிறோம். ஹைட்டுக்குள் உட்கார்ந்து இட்லி சாப்பிட விடுவார்களா?

நாரிச் அக்கா
சத்தம் போடாமல், சிந்தாமல் சாப்பிட்டால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். சட்னி வேண்டாம், பொடி தடவி எடுத்துப் போங்கள். பிளாஸ்கில் வெந்நீரும்.